சாமியாக இருக்கிற வரை

நவம்பர் 10, 2024, ஞாயிறு

இன்னும் ஒன்பது ரவிக்கை பாக்கி. இடது மணிக்கட்டைத் திருப்ப முடியவில்லை. தைக்கும்போது துணியைப் பிடித்து நகர்த்துகிற கை அதுதான். மெஷினில் உட்கார்ந்து சும்மா ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேட்பவர்களுக்கு வழக்கமான பதில்: பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டேன். எங்கள் வீட்டு பாத்ரூம் குற்றாலத்துப் பாறையைவிடப் பாசி பிடித்தது என்று தெருவே நம்புகிறது. நம்புகிற மாதிரி நடிக்கிறது என்றும் சொல்லலாம். நானும் நடிக்கிறேன்.

நடந்தது இவ்வளவுதான்: தீபாவளியன்று குழம்பு ஆறிப்போயிருந்தது. குடித்துவிட்டு வந்த வீட்டுக்காரருக்கு அது போதும். கையைப் பிடித்து முறுக்கினார். மறுநாள் ஒன்றுமே நடக்காதது போல வேனை எடுத்துக்கொண்டு சவாரிக்குப் போய்விட்டார்.

சஷ்டிக்கு ஆறு நாளும் பாலும் பழமும்தான் சாப்பிட்டேன். இலஞ்சிக் கோயிலில் நின்று "இவருக்கு நல்ல புத்தி கொடு" என்று வேண்டினேன். கல்யாணமான நாளிலிருந்து அதே வேண்டுதல். என் குரலைக் கேட்டாலே முருகனுக்கு அலுப்பாக இருக்கும். இரண்டு பெண்டாட்டிக்காரன், பெண்டாட்டி அழுதால் என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்குத் தெரியாதா?

இந்த வாரம் ஓடிவிட்டால் கார்த்திகை பிறந்துவிடும். அவர் சபரிமலைக்கு மாலை போடுவார். போட்டுவிட்டால் மகரஜோதி வரைக்கும் குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். வருடத்தில் நான் மூச்சு விடுகிற நாட்கள் அவைதான்.

நவம்பர் 16, கார்த்திகை 1

மாலை போட்டாயிற்று. காசி விசுவநாதர் கோயிலில், நம்பிராஜன் அண்ணாச்சி கையால். அவர்தான் இந்தக் குழுவுக்குக் குருசாமி. மளிகைக்கடைக்காரர், ரொம்பக் காலமாக மலைக்குப் போகிறவர். துளசிமணி மாலை கழுத்தில் விழுந்ததும் எங்கள் வீட்டுக்காரர் முகமே மாறிவிட்டது. நடிப்பு என்று சொல்ல மாட்டேன். கண் கலங்கித்தான் நின்றார்.

இனி அவர் சாமி. நானும் அப்படித்தான் கூப்பிட வேண்டும். அவருக்கு எல்லாப் பெண்களும் அம்மா, என்னையும் சேர்த்து. வீட்டுக்கு வந்ததும், "சாமி சரணம். துண்டு எடுத்துக் குடுங்கம்மா" என்றார். போன வாரம் இதே வாய் என்னைக் கூப்பிட்டதை இங்கே எழுத மாட்டேன். நல்ல நாள்.

வடிவம்மாள் அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, பெருமை தாங்கவில்லை. "எம்புள்ளயப் பாருட்டி, அப்படியே அய்யப்பன் மாதிரி இருக்கான்." ஆமா அத்தை என்றேன். வயிறு மட்டும் பிள்ளையாருடையது என்று சொல்லவில்லை.

பீரோவுக்குப் பின்னால் இருந்த பாட்டிலை அவரே எடுத்துப்போய் வாய்க்காலில் ஊற்றினார். வருடா வருடம் ஊற்றுவார். தை பிறந்ததும் புதுப் பாட்டில் வரும். தெரிந்தும் வாசலில் நின்று பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது.

நவம்பர் 19

குழம்பில் உப்பு கூடிவிட்டது. சாமி ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தார். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

நவம்பர் 24

நூர்நிஷா துணி கொடுக்க வந்தாள். பின்தெரு. பிறந்த ஊர் கடையநல்லூர். புருஷன் துபாயில். ஐந்து வேளைத் தொழுகையை ஒருநாளும் விட்டதில்லை. அளவு எடுக்கும்போது, "கையி மட்டும் முழங்கைக்குக் கீழ வரட்டும்க்கா" என்றாள். அவள் புருஷன் போன வாரம்தான் லீவு முடிந்து போனான். நான் ஏன் என்று கேட்கவில்லை. தையல்காரிக்குத் தெரியாத கையா? என் ரவிக்கைகளும் அந்த நீளம்தான்.

டீ குடித்துக்கொண்டே அவள்தான் ஆரம்பித்தாள். "அண்ணன் மாலை போட்டாச்சுல்லா? இனி ஒனக்கு நிம்மதி."

"ஒனக்கு?"

"எனக்கு பிளைட் ஏறியாச்சு. நீ மாலைய நம்புதே, நான் பிளைட்ட நம்புதேன்."

இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். அவள் போன பிறகு அது சிரிக்கிற விஷயமா என்று யோசித்தேன். அவள் ராத்திரித் தொழுகையில் கேட்பதும் நான் முருகனிடம் கேட்பதும் ஒன்றுதான். மனுஷன் மாற வேண்டும் என்று கேட்டுக் கேட்டு அலுத்து, இப்போது அவன் கொஞ்ச நாள் வேறு ஆளாகவோ வேறு ஊரிலோ இருந்தால் போதும் என்று ஆகிவிட்டது.

நவம்பர் 29

வீட்டுக்கு விலக்கு. சாமி இருக்கிற வீட்டில் அடுப்படிப் பக்கம் போகக் கூடாது. தையல் அறையில் பாயும் தட்டும் தனி. அத்தை முணுமுணுத்துக்கொண்டே சமைக்கிறார். எனக்கு இது திருவிழா. படுத்துக் கிடந்தேன்.

மகள் மஞ்சு பக்கத்தில் வந்து படுத்தாள். பிளஸ் ஒன் படிக்கிறாள், வாய் ஜாஸ்தி. மேலே பார்த்துக்கொண்டே கேட்டாள்: "ஏம்மா, அப்பாவுக்குக் குடி ஒரு வியாதி, அவுக கையில இல்லன்னு சொல்லுவல்லா. மாலை போட்டா மட்டும் எப்படி அவுக கையில இருக்கு?"

"அது அய்யப்பன் சக்தி."

"அப்ப அடிக்கப்பிடாதுன்னு தெரியுது. சாமிக்குப் பயந்தா நிறுத்த முடியுது. ஒனக்குப் பயப்பட வேண்டியதில்ல, அதான் நிறுத்தல."

போய்ப் படி என்று விரட்டினேன். அவள் தூங்கிவிட்டாள். நான் தூங்கவில்லை. பதினாறு வயசுப் பிள்ளை இதையெல்லாம் எப்போது யோசித்தது? நான் எத்தனை வருடமாக யோசிக்காமல் இருந்தேன்?

டிசம்பர் 6

மழை விட்டபாடில்லை. அருவியில் குளிக்கத் தடை. குற்றாலம் பார்த்துவிட்டு மலைக்குப் போகிற வெளியூர்ச் சாமிகள் வருவதைத் தள்ளிப்போடுகிறார்கள். வேன் வாசலிலேயே நிற்கிறது. சாமியும் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார். நெற்றியில் சந்தனம் இருக்கிறது, அதற்குக் கீழே நரம்பு எழும்புகிறது. எனக்கு அந்த நரம்பைத் தெரியும். தட்டு வைக்கிற சத்தம்கூட வராமல் வைத்தேன்.

மாலை கிடக்கிறதே, பயம் எதற்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

டிசம்பர் 13, திருக்கார்த்திகை

எழுதத்தான் வேண்டும். எழுதாவிட்டால் நாளைக்கு நானே இல்லை என்று சொல்லிவிடுவேன்.

கருப்பு வேட்டி இரண்டுமே ஈரம். மழையில் காயவில்லை. சாயங்கால பூஜைக்கு வேண்டும் என்றார். இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துக் காயவைக்கலாம் என்று பார்த்தேன். கரண்டு போய்ப் போய் வந்தது. விளக்குகளுக்கு எண்ணெய் ஊற்றப் போன நேரத்தில் கரண்டு வந்திருக்கிறது. உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. தையல்காரி வீட்டில் கருகிய வேட்டி. என் மேல் தப்புத்தான்.

அதைப் பார்த்தார். "சாமி வேட்டியக் கருக்கிட்டியே, மூதி" என்று கையை ஓங்கினார். அடிக்கமாட்டார் என்றுதான் நின்றேன். ஓங்கிய கையைப் பார்த்துக்கொண்டே — மாலை போட்டிருக்கார், மாலை போட்டிருக்கார்னு — கன்னத்துல விழுந்துச்சு. இரண்டாவதைத் தடுக்கக் கையைத் தூக்கினேன். என் வளையல் மாலையில் மாட்டிக்கொண்டது. இழுத்ததில் அறுந்தது. துளசிமணி வீடு முழுக்க ஓடியது.

அத்தை அலறினார். "மாலை! அய்யோ, மாலை அறுந்துபோச்சே!" தரையில் மண்டியிட்டு மணியைப் பொறுக்க ஆரம்பித்தார். சாமியும் குனிந்து பொறுக்கினார். இரண்டு பேரும் பொறுக்குகிறார்கள். தடுமாறி விழுந்த நான் சுவரோரம் கிடக்கிறேன். மஞ்சுதான் வந்து என்னைத் தூக்கினாள்.

வாசலில் விளக்கு ஏற்றவில்லை. பக்கத்து வீட்டு விளக்கு வெளிச்சம்தான் எங்கள் படியில் விழுந்தது.

டிசம்பர் 14

நான் மாலையை அறுத்தவள். வீட்டில் அதுதான் பேச்சு. "நீ கையத் தட்டாம இருந்தா அறுந்திருக்குமா? தெய்வக் குத்தம்ட்டி. யார்ட்டயும் வாயத் திறக்காத" என்கிறார் அத்தை. சாமி விடிந்ததும் குருசாமியிடம் போய்ப் பரிகாரம் செய்து வேறு மாலை போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

வெட்கக்கேடு என்னவென்றால் நானும் அதை நம்பினேன். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. மாலை அறுந்த பாவம் மஞ்சு தலையில் விழக் கூடாது என்று பூஜை அறையில் நூற்றெட்டு முறை விழுந்து கும்பிட்டேன். கன்னம் தரையில் படும்போதெல்லாம் வலித்தது. ஏன் வலிக்கிறது என்று பாதியில்தான் உறைத்தது.

டிசம்பர் 17, செவ்வாய்

பண்பொழிக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். திருமலைக் கோயிலுக்கு மேலே வரைக்கும் ரோடு இருக்கிறது, ஆனாலும் மழைக்கு வழுக்குகிற படியில் ஏறினேன். இந்தத் தடவை நிஜமாகவே வழுக்கி விழுந்தேன். முட்டியில் ரத்தம். உட்கார்ந்து சிரித்தேன். இதை யாரிடமாவது சொன்னால் நம்புவார்களா?

சன்னதியில் நின்றேன். வாயில் மன்னிப்பு வரவில்லை. "நான் என்ன செஞ்சேன் முருகா?" என்றுதான் வந்தது. திரும்பத் திரும்ப அதுதான். சத்தமாகவே வந்திருக்க வேண்டும், பக்கத்தில் நின்றவர்கள் விலகிக்கொண்டார்கள். முருகன் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நீதான் குற்றவாளி என்றும் சொல்லவில்லை. வீட்டில் எல்லாரும் சொல்லிவிட்டார்கள், அவன் ஒருவன்தான் சொல்லவில்லை.

இறங்கி, பஸ் ஏறி, நேராக நம்பிராஜன் அண்ணாச்சி கடைக்குப் போனேன்.

"வாம்மா. மாலை அறுந்ததுக்கு விசனப்படாத. கதவுக் கொண்டியில மாட்டி இழுத்துட்டுன்னு சொன்னான். பரிகாரம் பண்ணியாச்சு."

"அந்தக் கொண்டி நான்தான் அண்ணாச்சி."

கன்னத்தைக் காட்டினேன். முந்தானையை விலக்கி மணிக்கட்டையும் காட்டினேன். கடையில் வேறு ஆள் இல்லை. அவர் தராசைத் துணியால் துடைத்தார். பிறகு, "மாலையோடவா?" என்றார்.

அடித்தானா என்று கேட்கவில்லை. மாலையோடவா என்று கேட்டார்.

"மாலையோடயும்தான்" என்றேன்.

துடைத்த தராசையே மறுபடி துடைத்தார். "மகரம் முடியட்டும்மா. நான் கூப்பிட்டுக் கண்டிக்கேன். நீ கட்டுநிறையன்னிக்கு வந்து அரிசி போட்டுரு. வீட்டுப் பிரச்சினை மலைக்குப் போற காரியத்துல வரப்பிடாது."

கட்டுநிறை என்பது இருமுடி கட்டுகிற சடங்கு. நெய்த்தேங்காய் வைத்த பையில் வீட்டார் பிடி அரிசி போட வேண்டும். இந்தக் குழுவில் முதல் பிடி பெற்றவள், இரண்டாம் பிடி பெண்டாட்டி. அது விழாமல் அண்ணாச்சி யாருக்கும் முடியைக் கட்டிக் கொடுத்ததில்லை. ஒவ்வொரு வருடமும் போட்டிருக்கிறேன். போகிறவர் நல்லபடியாகப் போய்வர வேண்டும் என்று மனசாரத்தான் போட்டேன்.

இந்த வருடம் எந்த மனசால் போடுவது?

டிசம்பர் 18

அண்ணாச்சி சொல்லிவிட்டார் போல. சாமி என்னிடம் பேசுவதில்லை. மகரஜோதிக்குப் பிறகு இருக்கிறது எனக்கு.

டிசம்பர் 27

நூர்நிஷாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதல் தடவையாக வழுக்காமல் சொன்னேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"எங்க மாமியும் சபுர் செய், பொறுமையா இருன்னுதான் சொல்லுதாவ. நான் பொறுக்கேன்க்கா. அல்லாவுக்காகப் பொறுக்கேன். அது அவனுக்கு அடிக்கதுக்குக் குடுத்த சீட்டா?"

அரிசி போடாவிட்டால் மலைக்குப் போகிறவரைத் தடுத்த பாவம் வராதா என்று கேட்டேன். "அதெல்லாம் ஒஞ்சாமி, எனக்குத் தெரியாது" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "மனசுல கசப்ப வச்சுக்கிட்டுக் கும்பிட்டா எங்களுக்குத் தொழுகை சேராது. ஒங்களுக்கு எப்படியோ" என்றாள்.

ஜனவரி 4, 2025

அத்தைக்கு என் முகத்தைப் பார்த்தே சந்தேகம் வந்துவிட்டது. முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார்: "உங்க மாமாவும் மலைக்குப் போனவுகதான். நானும் வருசா வருசம் போட்டேன். தோள்பட்ட இறங்கின கையோட போட்டேன். நீ என்ன எனக்கு ஒசத்தியா?"

"இல்ல அத்தை."

"அவுக போன பெறவுதான் எனக்குப் பயமில்லாம ஒறக்கம் வந்துச்சு." இதைச் சொல்லிவிட்டு என்னை முறைத்தார், நான்தான் பிடுங்கிவிட்ட மாதிரி. கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பதினெட்டு வருடம் ஒரே அடுப்படியில் நிற்கிறோம். இன்றைக்குத்தான் இது எனக்குத் தெரியும்.

ஜனவரி 10

நாளைக்குக் கட்டுநிறை. முருகா, நீயும் வந்து நில்.

ஜனவரி 11, சனி



அண்ணாச்சி வீட்டு மாடி. ஒரே சரண கோஷம், கற்பூரம். ஒவ்வொரு சாமியாக உட்கார, வீட்டார் வந்து அரிசி போட, அண்ணாச்சி முடி கட்டித் தலையில் வைத்தார். எங்கள் முறை வந்தது. அவர் உட்கார்ந்தார். அத்தை முதல் பிடி போட்டார். "வீட்டுக்காரம்மா வாங்க" என்றார் அண்ணாச்சி.

தாம்பாளத்திலிருந்து அரிசியை அள்ளினேன். போட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன், சத்தியமாக. குனிந்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். போடு, போட்டுத்தானே ஆக வேண்டும் என்கிற பார்வை. கையை எடுத்துவிட்டேன். அரிசியைத் தாம்பாளத்திலேயே போட்டேன்.

"நான் போடல அண்ணாச்சி."

"ஏம்மா? ஏன்?"

"திருக்கார்த்திகையன்னிக்கு விளக்கு ஏத்துத நேரத்துல என்னை அடிச்சாவ. மாலை கதவுல மாட்டல, என் வளையல்ல மாட்டுச்சு. மனசு இல்லாம நான் போட்டா அது அரிசியா, வாய்க்கரிசியா?"

அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. யோசித்து வைத்துக்கொண்டு போகவில்லை. சரணம் நின்றுவிட்டது. செத்தவர் வாயில் போடுவதைச் சொல்லிவிட்டேனே, கழுத்தில் தாலியோடு. யாரோ ஒரு பெண் "சிவ சிவா" என்றாள். மஞ்சு என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

அண்ணாச்சி பையின் வாயைச் சுருட்டி ஓரமாக வைத்தார். எல்லாரும் கேட்டுவிட்டார்கள், அவருக்கும் இனி வேறு வழி இல்லை. "வீட்ல மனசு நிறையாம இங்கன கட்டு நிறையாது. மாரிராஜ் சாமி, எந்திரிங்க. இந்த மகரத்துக்கு நீங்க வேண்டாம்."

ஆட்டோவில் வீடு திரும்பினோம். நானும் மஞ்சுவும் தையல் அறையில் உள்தாழ்ப்பாள் போட்டுப் படுத்திருக்கிறோம்.

ஜனவரி 14, தைப்பொங்கல்

டிவியில் ஜோதி காட்டினார்கள். மாலையோடு தரையில் உட்கார்ந்து பார்த்தார். ஜோதி தெரிந்ததும் தலைக்கு மேல் கையைத் தூக்கி, குழந்தை மாதிரி வாய்விட்டு அழுதார். எனக்குப் பொறுக்கவில்லை. நானும் அழுதேன். சின்ன வயசில் மஞ்சுவைத் தோளில் வைத்துக்கொண்டு ஐந்தருவியில் நின்றவர் இவர்தான். எனக்கு இவரைப் பிடிக்கும். அதுதான் வினை.

ஜனவரி 19

அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். மாசி பிறந்ததும் நடை திறக்கும் என்றும், தானே கூட்டிப் போவதாகவும், அதுவரை மாலை இருக்கட்டும் என்றும் சொன்னார். எங்கள் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "நான் இனிமே கழட்டவே இல்ல. ஆயுசுக்கும் மாலையோட இருக்கேன். அப்பம் ஒனக்குப் பயம் இல்லைல்லா?"

நல்ல வார்த்தைதான். சரி என்று சொல்ல வாய் வந்துவிட்டது. மஞ்சு கதவோரம் நின்றாள்.

"மாலையோடயும் அடிச்சாச்சுல்லா. கழட்டுங்க. கழட்டின பெறவும் இப்படியே இருக்கீகளான்னு பாக்கேன். இருந்தா நானே வந்து அரிசி போடுதேன்."

 அண்ணாச்சி மந்திரம் சொல்லித் தன் கையாலேயே கழற்றி, அய்யப்பன் படத்தில் போட்டார். கழுத்து வெறுமையாக இருந்தது.  கேட்டதும் நான், பயப்படுவதும் நான்.

பிப்ரவரி 11, தைப்பூசம்

நல்லதை எழுதினால் கண் பட்டுவிடும் என்று இத்தனை நாள் எழுதவில்லை. குடிக்கவில்லை. சவாரி முடிந்ததும் நேரே வீடு. இன்று பண்பொழிக்குத் தானே வேனில் கூட்டிப் போனார். இறங்கும்போது, "படி வழுக்கும், கையப் பிடி வேலு" என்றார். பெயர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனை வருடம் ஆயிற்று! பிடித்துக்கொண்டேன்.

கட்டுநிறையன்று ராத்திரி என் துணியும் மஞ்சுவின் புத்தகங்களும் கட்டிய பை இன்னும் துணி வெட்டும் மேஜைக்கு அடியில் இருக்கிறது. பிரிக்கவில்லை. பிரிக்காதது அவருக்குச் செய்கிற துரோகம் மாதிரி இருக்கிறது. நாளைக்குப் பிரித்துவிடலாம்.

மார்ச் 2, ஞாயிறு

பிரிக்கவில்லை. நல்லதாகப் போயிற்று.

மதுரைச் சவாரி போய்விட்டு மத்தியானம் வந்தார். வண்டி நிறுத்துகிற விதத்திலேயே தெரிந்துவிட்டது. வாய்க்கரிசியில்தான் ஆரம்பித்தார். "ஊருக்கு முன்னால எனக்கு வாய்க்கரிசி போட்டவ நீ." கையை ஓங்கினார். மஞ்சு நடுவில் வந்தாள். அவள் மேல் விழுந்தது. காதோரம். பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அழவில்லை, என்னையே பார்த்தாள்.

போதும். போதும்டா சாமி.

அவர் கட்டிலில் விழுந்து குறட்டை விட ஆரம்பித்ததும் ஆட்டோ கூப்பிட்டோம். மெஷின் தலையைக் கழற்றி, பையோடு ஏற்றினேன். வாசலில் அத்தை நின்றார். தடுப்பார் என்று நினைத்தேன். உள்ளே போய்ப் பூஜை அறைக் காமாட்சி விளக்கை எடுத்துவந்து என் மடியில் வைத்தார். "இத விட்டுட்டுப் போறியே" என்றார். 

நூர்நிஷா வீட்டு மாடியில் ஒற்றை அறை. அங்கே போகும் முன்னால் மகளிர் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தோம். எப்படி அடிபட்டது என்று கேட்டதும் என் வாய் "வழுக்கி" என்று ஆரம்பித்தது. மஞ்சு நறுக்கென்று கிள்ளினாள். முதலிலிருந்து சொன்னேன்.

மார்ச் 9

கீழே அவள் ஓதுகிறாள். மேலே நான் விளக்கேற்றுகிறேன். அவளுக்கு ரமலான், எனக்கு நாளைக்குள் முடிக்க ஐந்து ரவிக்கை.

ஜூலை 6

சாரல் தொடங்கிவிட்டது. சீசன் கூட்டம். கதவைத் திறந்தால் குளிர்ந்த காற்று முகத்தில் அடிக்கிறது.

அத்தை படியேறி வந்தார். மூச்சு வாங்கினார். ரவிக்கைத் துணி கொண்டுவந்திருந்தார். அவர் எப்படி இருக்கார் என்று நான் கேட்கவில்லை, அத்தையும் சொல்லவில்லை. அளவு எடுத்தேன். எப்போதும் தோளுக்குக் கீழே நாலு விரல்தான் அவருக்குக் கை.

"இந்தத் தடவ கையி நீளமா வையி வேலு. குளிருது" என்றார்.

டேப்பைப் பிடித்தபடி நின்றேன். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"இங்கனயே இருந்திருங்க அத்தை."

"எம்புள்ளல்லா" என்றார். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். அவர் தெருத் திரும்புகிற வரை பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அந்தக் கிழவி மேல் இவ்வளவு பாசம் இருக்கிறது என்று தெரியாது.

ஆகஸ்ட் 21

அத்தை பையோடு வந்துவிட்டார்.

நவம்பர் 17, கார்த்திகை 1

விடியற்காலையிலேயே தெருவில் சரண கோஷம். குளித்து விளக்கேற்றிவிட்டு மெஷினில் உட்கார்ந்தேன். அத்தை ரவிக்கைகளுக்கு ஹூக் தைத்துக்கொண்டிருந்தார். இப்போது அது அவர் வேலை. கண்ணாடி போட்டால் என்னைவிட நெருக்கமாகத் தைக்கிறார்.

படியில் காலடிச் சத்தம். நிமிர்ந்தால் வாசலில் அவர் நிற்கிறார். புது மாலை, புதுக் கருப்பு வேட்டி, நெற்றி நிறையச் சந்தனம். இளைத்திருந்தார்.

"சாமி சரணம். நல்லா இருக்கீங்களாம்மா?" என்றார். பிறகு அத்தை பக்கம் ஒருமுறை, என் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, "மகரத்துக்குக் கட்டுநிறை. ரெண்டு பேரும் வந்து…" என்று நிறுத்திக்கொண்டார்.

 பயம் இல்லை என்று பொய் எழுத மாட்டேன். மாலை போட்ட கழுத்தைப் பார்த்தால் எனக்கு இன்னும் கை தானாகக் கூம்புகிறது. கும்பிட்டேன். உள்ளே போய்ச் செம்பு நிறையத் தண்ணீரும் இரண்டு வாழைப்பழமும் எடுத்துவந்து கொடுத்தேன். வாங்கிக் குடித்தார். செம்பைத் திருப்பிக் கொடுத்தபின்னும் பதிலுக்குக் காத்து நின்றார்.

"சாமி சரணம். போயிட்டு வாங்க சாமி" என்றேன். தெருவில் வருகிற எந்தச் சாமிக்கும் நான் சொல்வதுதான்.

அவர் அம்மாவைப் பார்த்தார். அத்தை தலை நிமிரவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு அடுத்த ரவிக்கையை எடுத்தார்.